மூன்று வீட்டுப் பிள்ளை

அடுத்தவர் வீட்டு பிரிட்ஜைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. கூடத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லோரும் யோக்கியர்கள்தான். பிரிட்ஜைத் திறந்தால் தெரிந்துவிடும், யார் மிச்சம் மீதியை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறார்கள், யார் மருந்தை ஒளித்து வைக்கிறார்கள் என்று. கதவின் வெளிப்பக்கம் அதைவிட மோசம். கரண்ட் பில், பல் டாக்டர் சீட்டு, 'இனிப்பைத் தொடாதே' என்று தனக்குத்தானே எழுதி ஒட்டிக்கொண்ட மிரட்டல் எல்லாம் அங்கேதான் தொங்கும். கதவு ரப்பர் மாற்ற வேண்டுமென்றால் கதவையே கழற்றித் தரையில் கிடத்த வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் குப்பை அத்தனையையும் எடுத்து மேசைமேல் அடுக்க வேண்டும்.

ரிட்டையரான ஒரு டீச்சரம்மா வீட்டில் அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் கை நின்றது. காந்தத்துக்கு அடியில் எங்கள் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளேதான். முன்பல் இரண்டும் இல்லாத வாய், ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் பின்னல், கையில் நெளிந்த தண்ணீர் பாட்டில். படத்தின் ஓரத்தில் தெரியும் யாரோ ஒருவருடைய முழங்கைகூட அதே இடத்தில் இருந்தது. என் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அதே படம். முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் மனைவி எதற்கு நம் வீட்டுப் படத்தை இந்த அம்மாவிடம் கொடுத்தாள் என்றுதான். புத்தி அவ்வளவு வேகம்.

"டீச்சரம்மா, இந்தப் படம் ஏது?"

"அவளா? என் மகாராணி தம்பி அவ," என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "ஒரு இல்லத்துல இருந்து படிக்கிறா. நாந்தான் படிக்க வைக்கிறேன். பென்ஷன் வந்ததும் முதல் செலவு அவளுக்குத்தான். பாத்து வை, ஈரம் பட்டுடப் போகுது."

"நீங்களா படிக்க வைக்கிறீங்க?"

"பின்ன வேற யாரு? நான் பெத்த பையனுக்கு போன் பண்ணா, 'மீட்டிங்ல இருக்கேம்மா'ங்கறான். இவளும் போன் பண்றதில்லதான். ஆனா இவ பண்ணலைன்னா எனக்குக் கோவம் வரல பாரு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடிகிற காரியமா அது? "இது எங்க பொண்ணுங்க," என்றேன்.

டீச்சரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொந்தப் பொண்ண எதுக்குப்பா இல்லத்துல விட்ட?" என்றார், வகுப்பறைக் குரலில்.

நான் விளக்கினேன். நாங்களும் அதே இல்லத்துக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறோம், எங்களுக்கு வந்ததும் இதே படம்தான் என்றேன். அவர் யோசித்தார். "அப்போ யாருக்குத் தப்பான படம் வந்திருக்கு? உனக்கா எனக்கா?"

"உங்களுக்குத்தான்," என்றேன், யோசிக்காமல்.

"அதெப்படி எனக்கு? நான் எத்தனை வருஷமா கட்டறேன் தெரியுமா?"

கழற்றிப் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எங்கேயோ இருக்கும் ஒரு பிள்ளைக்காகத் தலை நரைத்த இரண்டு பேர் மல்லுக்கு நின்றோம். வேலை முடிந்ததும் அவர் கூலியை மேசைமேல் வைத்தார். வாஷிங் மெஷினுக்குக் கூப்பிடும்போதெல்லாம் கையில் கொடுக்கிறவர்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, டாக்டர், அழுகை எல்லாம் பார்த்தாயிற்று. அந்தக் கதையை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. என் மனைவி ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க யார் யாரோ படுத்த விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய குடையை விரித்து வைத்து அந்த இல்லத்துக்கு மாதச் சந்தா சேர்க்க நின்ற ஒரு பெண் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். இவள் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டு, படத்தோடு வந்து நின்றாள்.

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "நாம என்ன பெரிய வள்ளல் பரம்பரையா? குடை புடிச்சு நின்னா குடுத்துருவியா?" என்று கத்தினேன். தர்மம் என்றால் எனக்கு எப்போதும் ஆளை விட்டால் போதும் என்கிற கணக்குதான். சிக்னலில் யாராவது கை நீட்டினால் சில்லறை போடுவேன். நல்ல மனசெல்லாம் கிடையாது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பச்சை விளக்குக்குக் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

அவள் படத்தை பிரிட்ஜில் ஒட்டினாள். "ஓட்டப்பல்லு, இவரு இப்படித்தான் கத்துவாரு. நீ கண்டுக்காத," என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஓட்டப்பல்லு எங்களோடுதான் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டால், "அங்க ஒழுகுமோ என்னமோ" என்பாள் என் மனைவி. ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்றால் இவளுக்குத் தூக்கம் போய்விடும். பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் ஷிப்ட் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தொற்றிவிட்டது. பிரிட்ஜிலிருந்து பால் எடுக்கப் போகும்போது, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "என்னடி, ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்பேன். இதை யாரிடமாவது சொன்னால் என் தொழிலே கெட்டுவிடும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பணம் கட்டுகிறவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். வந்து பிள்ளைகளைப் பார்க்கலாமாம். என் மனைவி லீவு சொல்லிவிட்டாள், புது ஸ்கூல் பை வாங்கிவிட்டாள், ஓட்டப்பல்லிடம் முதலில் என்ன பேசுவது என்று பாத்திரம் கழுவும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் நின்றால், டீச்சரம்மாவும் ஒரு பையோடு வந்து 'மகாராணி' என்று கையை விரிப்பார். அதற்கப்புறம் என் மனைவி என்ன ஆவாள்?

தப்பாக ஒரே ஒரு படம் இடம் மாறியிருக்கும் என்று மறுநாள் வரை மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு பெயின்ட் கடைக்காரர் வீட்டில் கூப்பிட்டார்கள். கடை ஏ.சி.க்கு கேஸ் அடிக்கப் போனால் ஒவ்வொரு தடவையும் என் கூலியில் பாதியைக் குறைத்துவிட்டுத்தான் மனுஷன் மூச்சு விடுவார். அவர் பிரிட்ஜின் பக்கவாட்டில் அவள் இருந்தாள். அதே பல், அதே பாட்டில், அதே முழங்கை.

"அண்ணே, நீங்களுமா?"

"எது? ஓ, நம்ம பார்ட்னரா? அவளுக்கு மாசாமாசம் போகுது."

"நீங்க குடுக்கிறீங்களா?" என் குரலில் இருந்த சந்தேகம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏய்யா, நான் குடுக்கக் கூடாதா? ஒரு தடவை நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு எல்லாத்தையும் பாத்துட்டு, ஒண்ணுமே இல்ல, போங்கன்னாரு. வெளிய வந்தேன். குடைக்குக் கீழ ஒரு பொண்ணு நின்னுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கா?"

"ஆமாய்யா. யாருக்காவது எதையாவது குடுக்கணும் போல இருந்துச்சு. டாக்டருக்குத்தான் ஏற்கனவே குடுத்தாச்சே."

சொல்லிவிட்டு என் கூலியில் பாதியைக் குறைத்தார். நெஞ்சு வலி இல்லாததற்காக ஒருவர், மகன் போன் பண்ணாததற்காக ஒருவர், நாங்கள் எங்கள் காரணத்துக்காக. மூன்று வீட்டிலும் ஒரே பிள்ளை, மூன்று செல்லப் பெயர்.

நேராக இல்லத்தின் அலுவலகத்துக்கு வண்டியை விட்டேன். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் பிள்ளைகள் தங்குமிடம். உள்ளே இரண்டு மேசை, ஒரு மூலையில் பழைய பிரிட்ஜ். பொறுப்பாக இருந்த பெண்மணி காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கவர்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ரப்பர் பேண்டு போட்டு, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள் என் ஓட்டப்பல்லை. கட்டுக் கட்டாக.

"எத்தனை பேருக்கு மேடம் ஒரே பொண்ண வித்திருக்கீங்க?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் போனை வைத்தார். "உக்காருங்க சார். யாரும் யாரையும் விக்கல. இந்தக் குழந்தை இங்க இருக்கிற எல்லாக் குழந்தைங்க சார்பாவும்னு படத்துக்குப் பின்னாடியே போட்டிருக்கோம்."

ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். போட்டுத்தான் இருந்தது, கடுகளவு எழுத்தில். "இத யாரு படிக்க? எறும்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவரும் சத்தமாகவே பேசினார். "முதல்ல ஒவ்வொரு பிள்ளை படமாத்தான் சார் அனுப்பினோம். என்னாச்சு தெரியுமா? சிரிக்கிற பிள்ளைங்களுக்கு ஆளுங்க குவிஞ்சாங்க. உம்முன்னு இருந்த பிள்ளைங்களுக்கு ஒரு ஆள் கிடையாது. ஒருத்தர் நேர்லயே வந்து, இந்தப் பையன் வேணாம், வேற குடுங்கன்னாரு, சட்டை மாத்தற மாதிரி. சரி, படமே வேணாம், உள்ளத உள்ளபடி எழுதுவோம்னு எழுதினோம். கூரை ஒழுகுது, அரிசி வாங்கணும், இத்தனை பிள்ளைங்க இருக்காங்கன்னு. யாரும் குடுக்கல. அப்புறம் இவ படத்தப் போட்டோம். குடுத்தாங்க. வர்றத எல்லாருக்கும் பிரிக்கிறோம். எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே பாடம்."

"அது ஏமாத்து இல்லையா?"

"சில நாள் ஏமாத்துன்னு தோணுது. சில நாள் தோணல," என்றார். "நீங்களே சொல்லுங்க சார். நான் என்ன பண்ணட்டும்?"

சண்டைக்குப் போன இடத்தில் எதிராளி இப்படிக் கேட்டால் என்ன செய்வது? நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தது எல்லாம் வீணாகப் போயிற்று. பின்பக்கத்திலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் வந்தது. மூலையிலிருந்த பிரிட்ஜ் 'டொக்' என்றது. சற்று நேரத்தில் மறுபடி 'டொக்'. கம்ப்ரஸர் ஓடப் பார்க்கிறது, ஓட முடியாமல் நின்றுவிடுகிறது. என் காதுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

"கம்ப்ரஸரக் கிளப்புற ரிலே போயிருக்கு," என்றேன், கோபமாகவே.

"பிள்ளைங்க மருந்தெல்லாம் அதுலதான் இருக்கு. ஆள் வரச் சொன்னா நாளைக்கு நாளைக்குன்னே இழுத்தடிக்கிறாங்க."

பையைத் திறந்து, பிரிட்ஜை இழுத்துப் போட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால்தான் எனக்கு நிதானம் வரும். ரிலேயைக் கழற்றிக்கொண்டே பேரம் பேசினேன். "சரி மேடம். மத்தவங்க எப்படியோ போகட்டும். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டம்மாவ எல்லாருக்கும் முன்னாடி கூட்டிட்டு வர்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பொண்ண அவகூட தனியா உக்கார விடுங்க. அது போதும். அப்புறம் யாரு வேணா வந்து மகாராணின்னு கொஞ்சட்டும்."

தலையை நீட்டிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த கவரை ஒட்டாமல் வைத்திருந்தார்.

"அவ இங்க இல்ல சார்."

பழைய ரிலேயைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். "இல்லைன்னா?"

"ஐயோ, பதறாதீங்க. நல்ல சேதிதான். அவங்கப்பா கப்பல்ல வேலைக்குப் போனவரு. ரொம்ப வருஷமா தகவலே இல்ல. திடீர்னு வந்து நின்னாரு. எல்லாம் சரி பாத்துத்தான் அனுப்பினோம். போன வருஷமே போயிட்டா. போறப்போ அவரு கையப் புடிச்சுக்கிட்டு ஒரே குதி."

நல்ல சேதிதான். ஒரு பிள்ளைக்கு அப்பன் கிடைத்துவிட்டான். இதற்காகத்தானே பணம் கட்டுகிறோம், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே? பிறகு ஏன் எனக்கு வயிறு எரிந்தது? சொல்லாமல் கொள்ளாமல் யாரோ எங்கள் வீட்டுக்குள் புகுந்து தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. புது ரிலேயை மாட்டினேன், பிரிட்ஜ் ஓடியது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது தர்மமா, அவசரமா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் என் மனைவி புதுப் பையின் வாரை இழுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ இந்நேரம் வளந்திருப்பால்ல? வார இன்னும் கொஞ்சம் எறக்கணுமோ?" என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீச்சரம்மா, பெயின்ட் கடைக்காரர், ரப்பர் பேண்டு கட்டு, கப்பல்கார அப்பா எல்லாம்.

ஊரைக் கூட்டுவாள், அலுவலகத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வாரைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"அந்த மனுஷன் குடிப்பாரா?"

"எந்த மனுஷன்?"

"அவங்கப்பா."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தலை பின்னி விடத் தெரியுமா அவருக்கு? அவளுக்கு ஒரு பக்கம் நிக்கவே நிக்காது."

"ஏம்மா..."

"கேக்கலையா நீங்க? அவ்வளவு தூரம் போயி, எங்க இருக்கா, ஸ்கூலுக்குப் போறாளான்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

கேட்கவில்லை. ரிலே மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். இப்படி ஒரு மடையன் உலகத்தில் உண்டா?

அவள் பையை நாற்காலிமேல் வைத்தாள். "பணத்த நிறுத்திடுங்க," என்றாள்.

இதைக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டிய ஆள் நான். அன்றைக்கு ஆடித் தீர்த்தவன் நான்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "மத்த பிள்ளைங்களுக்குத்தாம்மா போகுது. வீணாப் போகல. பின்னாடி வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருந்தாங்க, நானே கேட்டேன்."

"சொல்லட்டும். நல்லா இருக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?" அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அதுக்குக் குடுக்கிறவங்க குடுக்கட்டும். எனக்கு ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் தாங்கற அளவுக்குப் பெரிய மனசு இல்லைங்க. அந்தக் குடைக்காரப் பொண்ணு தர்மம் பண்ணுங்கன்னா கேட்டா? இவளப் பாருங்கன்னுதானே காட்டினா? நான் தர்மமா பண்ணேன்? நான் பிள்ளை வளத்தேங்க."

தலையை ஆட்டிவிட்டு, இல்லத்துக்குப் போன் போட்டேன். நிறுத்துகிறோம் என்று சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. மணி அடித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் "ஹலோ" என்று குரல் வந்ததும், என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இருங்க. அந்த மனுஷன் மறுபடியும் கப்பலுக்குப் போயிட்டாருன்னா?"

"போனா?"

"அங்கதானே கொண்டாந்து விடுவாரு? அப்போ அந்த இடம் இருக்கணும்ல? அவளுக்குக் கட்டிலு, சோறு எல்லாம் இருக்கணும்ல?"

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பிடித்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் என்னங்க இப்படி நினைக்கிறேன்? அப்பன்கூட இருக்கிற பிள்ளை திரும்பி அங்க வரணும்னா நினைக்கிறேன்?" என்று கேட்டாள். அவள் நிஜமாகவே என்னிடம் பதிலை எதிர்பார்த்தாள்.

"ஹலோ, சார்? சொல்லுங்க சார்," என்றது போன்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றேன். "எங்க பணம் மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கேக்கத்தான்."

"வருது சார்," என்றார் அவர்.